முதல் வாரம் கழுவுகிற வேலை மட்டும்தானா?

மே 29, புதன், மாலை 6.10 (கேள்வி)

வருகிற திங்கட்கிழமை ஒரு உயிர்மருத்துவ ஆய்வகத்தில் இன்டர்னாகச் சேர்கிறேன். முதல் வாரம் முழுக்கப் பாட்டில் கழுவவும் டிப் அடுக்கவும்தான் விடுவார்கள், உருப்படியாக ஒன்றும் கிடைக்காது என்று போய்விட்டு வந்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையா? இருக்கிற நாலு நாளில் எதைப் படித்துக்கொண்டு போனால் மானம் தப்பும்?

மே 29, இரவு 9.40

பாதி உண்மை. போன வருடம் நானும் இப்படித்தான் சேர்ந்தேன், இப்போதும் அதே லேபில்தான் புராஜெக்ட் ஓடுகிறது. முதல் இரண்டு நாள் கழுவினேன். டிப் அடுக்கினேன். பிப்பெட் என்று திரவத்தைச் சொட்டுக் கணக்கில் அளந்தெடுக்கிற கைக்கருவி ஒன்று உண்டு, அதன் முனையில் செருகுகிற பிளாஸ்டிக் கூம்புதான் டிப். ஒரு பெட்டிக்கு 96 டிப், எட்டுக்குப் பன்னிரண்டு. பத்துப் பெட்டி முடிக்கும்போது "இதுக்கா படிச்சோம்" என்று வரும். வரட்டும்.

ஆனால் கழுவுவதைக் கேவலமாக நினைக்காதீர்கள். சோப்பு கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் அந்த பாட்டிலில் ஊற்றுகிற மீடியாவில் (செல்லுக்குத் தீனியான திரவம்) செல் வளராது. எங்கள் சிங்க்குக்கு மேலே ஒரு தாள் ஒட்டியிருந்தது: குழாய்த் தண்ணீரில் எத்தனை தடவை, கடைசியில் டிஸ்டில்டு வாட்டரில் எத்தனை தடவை என்று. நான் அதைப் படிக்காமல் வீட்டுப் பாத்திரம் மாதிரி கழுவி அடுக்கிவிட்டேன். சாயங்காலம் நாற்பது பாட்டிலையும் திரும்பக் கழுவினேன்.

படிப்பதைப் பற்றி: தடித் தடிப் புத்தகம் வேண்டாம். அந்த லேபிலிருந்து கடைசியாக வந்த இரண்டு கட்டுரைகளை எடுத்து, செய்முறைப் பகுதியை மட்டும் படியுங்கள். முடிவுரை இப்போதைக்கு வேண்டாம். எந்த செல், எந்த மீடியா, எத்தனை நிமிடம் என்று இருக்கும். ஒன்றும் புரியாது. திங்கட்கிழமை யாராவது அந்தப் பெயரைச் சொல்லும்போது காது நிமிரும், அது போதும்.

மே 29, இரவு 9.55

மறந்துவிட்டேன். மூடிய ஷூ. முடி நீளமென்றால் கட்டிக்கொள்ளுங்கள். கிளவுஸ் போட்ட கையால் கதவுக் கைப்பிடியைத் தொடாதீர்கள், போனைத் தொடவே தொடாதீர்கள். முதல் நாளே என்னைப் பார்த்து யாரோ கத்தினார்கள் என்றால் இதற்காகத்தான்.

மே 30, வியாழன், காலை 7.20

நேற்றுச் சொன்னதில் முக்கியமானது விட்டுப்போயிற்று: பிப்பெட். மானம் போவதென்றால் முதலில் இங்கேதான் போகும்.

மூன்றாம் நாள் சீனியர் அக்கா என்னை ஒரு தராசு முன்னால் உட்கார வைத்தார். மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு வரை காட்டுகிற தராசு. ஒரு சின்னக் கிண்ணம், ஒரு குவளைத் தண்ணீர், 200 மைக்ரோலிட்டர் வரை எடுக்கிற பிப்பெட். "100 வை, பத்து தடவை ஊத்து, ஒவ்வொண்ணையும் எடை போட்டு எழுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஒரு மைக்ரோலிட்டர் தண்ணீர் ஏறக்குறைய ஒரு மில்லிகிராம். அப்படியானால் ஒவ்வொன்றும் 100-ஐ ஒட்டி வரவேண்டும்.

எனக்கு வந்தது 118, 124, 109, 121. தராசு கெட்டுப்போயிருக்கிறது என்று போய்ச் சொன்னேன். அக்கா வந்து ஒருமுறை என் கட்டைவிரலைப் பார்த்தார், அவ்வளவுதான். பிப்பெட்டின் மேல் பொத்தானை அழுத்தினால் ஓரிடத்தில் தட்டி நிற்கும். இன்னும் பலமாக அழுத்தினால் மேலும் கொஞ்சம் இறங்கும். முதல் நிறுத்தம் அளவெடுக்க, இரண்டாவது கடைசிச் சொட்டையும் தள்ளிவிட. நான் உறிஞ்சும்போதே இரண்டாவது வரை அழுத்திக்கொண்டிருந்தேன். அதனால்தான் ஒவ்வொரு தடவையும் கூடுதலாக ஏறியது. இரண்டாம் நிறுத்தம் வரை அழுத்தி உறிஞ்சவே கூடாது, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: பொத்தானைச் சடாரென்று விடாதீர்கள். தண்ணீர் எகிறி டிப்பைத் தாண்டி உள்ளே போகும். மெதுவாக விட்டு, ஒரு நொடி நிறுத்தி, பிறகு வெளியே எடுங்கள். அன்று மதியம் 99.6, 99.8, 99.5 என்று வர ஆரம்பித்தபோது எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, பரீட்சை ரிசல்ட்டுக்குக்கூட அப்படி வந்ததில்லை.

மே 30, மதியம் 1.15

"உறிஞ்சவே கூடாது" என்று காலையில் எழுதியதற்கு ஒருவர் தனிச்செய்தியில் காதைத் திருகியிருக்கிறார். சரிதான். கிளிசரால் மாதிரிப் பிசுபிசுப்பானதற்கும் நுரைக்கிற கரைசலுக்கும் வேண்டுமென்றே இரண்டாம் நிறுத்தம் வரை அழுத்தி உறிஞ்சி, முதல் நிறுத்தம் வரை மட்டும் வெளியே விடுவார்கள். மிச்சம் டிப்பிலேயே தங்கும், அதைத் தூக்கி எறிய வேண்டியதுதான். தலைகீழ் முறை. ஆக நான் அன்று செய்தது பாதித் தலைகீழ். உறிஞ்சியது அந்த முறை, விட்டது இந்த முறை.

இந்தக் கருவி வந்த கதையையும் அவரே ஞாபகப்படுத்தினார். முன்பெல்லாம் கண்ணாடிக் குழாயை வாயில் வைத்து உறிஞ்சித்தான் அளந்தார்கள், கிருமிக் கரைசலாக இருந்தாலும். 1957-இல் ஜெர்மனியில் மார்பர்க்கில் ஹைன்ரிச் ஷ்னிட்கர் என்பவர் அந்த வேலையில் சலித்துப்போய் ஸ்பிரிங் வைத்த பிஸ்டன் பிப்பெட்டைத் தானே செய்துகொண்டார். இன்று நம் கையிலிருப்பது அதன் பேரப்பிள்ளை. டிப் அடுக்கும்போது அலுப்பு வந்தால் வாயால் உறிஞ்சியவர்களை நினைத்துக்கொள்கிறேன்.

மே 30, இரவு 10.30

செல் கல்ச்சர், அதாவது செல்லை உடம்புக்கு வெளியே வளர்ப்பது, பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். முதல் வாரமே செய்ய விடுவார்களா என்றால், லேபைப் பொறுத்தது. பார்க்க விடுவார்கள். எனக்குச் செல் வளர்கிற பழைய ஃபிளாஸ்க் (தட்டைக் குப்பி) ஒன்றைக் கொடுத்து "செத்தா பரவாயில்ல" என்றார்கள்.

முதலில் மைக்ராஸ்கோப்பில் பார்த்தது ஹீலா செல். அக்கா முதலில் அந்தப் பெயரைத்தான் விளக்கினார். ஹென்ரியெட்டா லாக்ஸ், 1951-இல் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர். அவரைக் கேட்காமலே எடுத்த செல்கள். அதே வருடம் அக்டோபரில் அவர் இறந்துவிட்டார், செல்கள் இன்றும் பெருகிக்கொண்டிருக்கின்றன. அதைச் சொல்லிவிட்டு, "ஹூட்டுக்குள்ள ஒரே நேரத்துல ரெண்டு வகை செல்லைத் திறக்காதே" என்றார். ஹூட் என்பது வடிகட்டிய காற்று ஓடுகிற, கண்ணாடி மறைப்புள்ள மேசை. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அன்று புரியவில்லை. 1966-இல் ஸ்டான்லி கார்ட்லர் என்பவர், வேறு வேறு செல் வகை என்று பல லேப்களில் வைத்திருந்தவற்றைச் சோதித்துப் பார்த்தால் அவை ஹீலாவாகவே இருந்தன. அவ்வளவு வேகமாக வளர்வது. ஒரு சொட்டு தவறி அடுத்த ஃபிளாஸ்க்கில் விழுந்தால் கொஞ்ச நாளில் அந்த வீடு இதனுடையது. லேபிள் மட்டும் பழையபடி.

இப்போது என் சொந்தப் பெருமை. முதல் வாரம் புதன்கிழமை மீடியா மாற்றினேன். அடுத்த நாள் பார்த்தால் ஃபிளாஸ்க் மஞ்சள். மீடியாவில் ஃபீனால் ரெட் என்ற சாயம் இருக்கும். நல்ல நிலையில் சிவப்பு, அமிலம் கூடினால் மஞ்சள். செல் நிரம்பி வழிந்தாலும் மஞ்சளாகும், ஆனால் தெளிவாக இருக்கும். என்னுடையது மோர் மாதிரிக் கலங்கியிருந்தது. பாக்டீரியா. எங்கள் லேபில் மீடியாவில் ஆன்டிபயாட்டிக் சேர்ப்பதில்லை, சேர்த்தால் லேசான கன்டாமினேஷன் (கிருமி கலப்பது) வெளியே தெரியாமல் ஒளிந்துகொள்ளும் என்பதால். அதனால் நம் அழுக்கு மறுநாளே ஊருக்குத் தெரியும்.

காரணம்: வாட்டர் பாத். 37 டிகிரியில் வெதுவெதுப்பாக நிற்கிற தண்ணீர், பாக்டீரியாவுக்கு அதைவிடச் சுகமான இடம் ஏது. மீடியா பாட்டிலை அதிலிருந்து எடுத்து, எத்தனாலால் துடைக்காமல் நேரே ஹூட்டுக்குள் கொண்டுபோனேன். நீங்கள் துடையுங்கள்.

மே 31, வெள்ளி, காலை 8.05

செல் எண்ணுவது சுலபம். கட்டம் போட்ட கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டு, நாலு மூலைக் கட்டத்திலும் எண்ணி, பத்தாயிரத்தால் பெருக்கினால் ஒரு மில்லியில் எத்தனை என்று வந்துவிடும்.

மே 31, காலை 11.50

மூன்று பேர் ஒரே நேரத்தில் பாய்ந்துவிட்டார்கள். பஸ்ஸில் நின்றுகொண்டே எழுதினால் இப்படித்தான். நாலு கட்டத்தின் சராசரியைப் பெருக்க வேண்டும், கூட்டுத்தொகையை அல்ல. செத்த செல்லை நீலமாக்குகிற டிரைபன் புளூ சாயம் சேர்த்திருந்தால் அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஒழுங்காக: 52, 47, 61, 40. மொத்தம் 200, சராசரி 50. செல் கரைசலும் சாயமும் சரிபாதி என்பதால் 2-ஆல் பெருக்கு, 100. பிறகு 10,000. மில்லிக்கு 10 லட்சம். காலையில் நான் சொன்ன வழியில் போனால் 20 லட்சம் வந்திருக்கும், சாயத்தையும் சேர்த்துப் பெருக்கியிருந்தால் 40 லட்சம். ஒரு லட்சம் செல் போடுவதாக நினைத்து இருபத்தைந்தாயிரம் போட்டுவிட்டு, "இந்த மருந்து செல்லைக் கொல்லுது" என்று கண்டுபிடித்துவிடலாம்.

பத்தாயிரம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் மறக்காது. மூலைக் கட்டம் ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர். மேலே மூடுகிற கண்ணாடிக்கும் சில்லுக்கும் இடையே 0.1 மில்லிமீட்டர். ஆக ஒரு கட்டத்தில் நிற்பது ஒரு மில்லியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. நீலமாகத் தெரிபவை செத்தவை, அவற்றைத் தனியாக எண்ணுங்கள். கோட்டின் மேல் உட்கார்ந்திருப்பவற்றில் மேல் கோடும் இடது கோடும் சேர்த்தி, மற்ற இரண்டும் விடுதல், அல்லது உங்கள் லேப் எப்படிச் செய்கிறதோ அப்படி. நடுவில் மாற்றாமல் இருந்தால் சரி.

மே 31, இரவு 9.15

இரண்டு சில்லறை விஷயங்கள்.

எத்தனால் ஏன் 70 சதவீதம், 100 இன்னும் நன்றாகக் கொல்லாதா? கொல்லாது. கிருமியின் புரதத்தைக் குலைக்கக் கொஞ்சம் தண்ணீர் வேண்டும், அதோடு சுத்த எத்தனால் வேலை முடியுமுன்னே ஆவியாகிப் போய்விடும். 95 சதவீத எத்தனாலிலிருந்து 500 மில்லி 70 சதவீதம் கலக்கச் சொல்வார்கள்: 70-ஐ 500-ஆல் பெருக்கி 95-ஆல் வகுத்தால் 368. அதை ஊற்றி 500 கோடு வரை தண்ணீர். எல்லா லேபிலும் முதல் வாரக் கணக்கு இதுதான். மனதுக்குள் போடாதீர்கள், எழுதிப் போடுங்கள். எனக்கு யாரோ பின்னால் நின்று பார்க்கிறார்கள் என்றால் ஏழுபத்தே மறந்துவிடும்.

சென்ட்ரிஃபியூஜ், ட்யூபை வேகமாகச் சுற்றிச் செல்லை அடியில் உட்கார வைக்கிற இயந்திரம். செய்முறையில் "300 ஜி, 5 நிமிடம்" என்றிருந்தது. நான் 300 ஆர்பிஎம் வைத்தேன். ஜி என்பது எத்தனை மடங்கு ஈர்ப்பு என்பது, ஆர்பிஎம் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது. 15 சென்டிமீட்டர் ஆரமுள்ள ரோட்டரில் 300 சுற்று சுற்றினால் கிடைப்பது வெறும் 15 ஜி. 300 ஜி வேண்டுமென்றால் ஏறக்குறைய 1,340 சுற்று. ட்யூபை எடுத்துப் பார்த்தேன், செல் அடியில் உட்காரவே இல்லை, மேகம் மாதிரி மிதந்துகொண்டிருந்தது. அதை மேல் திரவம் என்று நினைத்து உறிஞ்சி எடுத்துவிட்டேன். கழிவு பாட்டிலில் போய்ச் சேர்ந்தது அன்றைய மொத்த செல்லும்.

எதிரெதிரே சம எடையில் ட்யூப் வைக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் அந்தச் சத்தம் சொல்லிக்கொடுக்கும்.

ஜூன் 1, சனி, காலை 6.50

தூக்கம் வரவில்லை, ஒரு சிரிப்பு. வெஸ்டர்ன் பிளாட், சதர்ன் பிளாட், நார்தர்ன் பிளாட் என்று பேசிக்கொண்டதைக் கேட்டு, முதல் வாரம் முழுவதும் இது ஏதோ ஜெல்லை (டிஎன்ஏவையோ புரதத்தையோ மின்சாரத்தால் பிரிக்கிற கூழ்த்தட்டு) எந்தத் திசையில் ஓட்டுகிறோம் என்பது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வடக்கு தெற்கு பார்த்து மேசை போடுவார்களோ என்றுகூட. பிளாட் என்பது ஜெல்லில் பிரித்ததை ஒரு மெல்லிய தாளுக்கு மாற்றிப் பார்க்கிற முறை. சதர்ன் என்பது ஆள் பெயர்! எட்வின் சதர்ன், 1975-இல் டிஎன்ஏவுக்கு அந்த முறையைச் சொன்னவர். ஆர்என்ஏவுக்கு அதே மாதிரி வந்தபோது கேலியாக நார்தர்ன் என்று வைத்தார்கள், புரதத்துக்கு 1981-இல் நீல் பர்னெட் என்பவர் வெஸ்டர்ன் என்றார்.

திசை என்று பார்த்தால் ஜெல்லில் ஒன்றுதான் முக்கியம்: டிஎன்ஏ சிவப்பு வயர் பக்கம் ஓடும். அதற்கு எதிர் மின்னூட்டம், நேர் முனையைத் தேடிப் போகும். மாற்றிச் செருகினால் குழியிலிருந்து பின்பக்கமாக நழுவித் தண்ணீரோடு போய்விடும். நீலச் சாயம் எந்தப் பக்கம் போகிறது என்று ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். டீ குடிக்கப் போவது அதற்குப் பிறகு.

ஜூன் 1, மாலை 5.30

வியாழன் இரவு எழுதியதைத் திருத்த வேண்டும். கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

இன்று லேபில் ஆளில்லை. அலமாரியிலிருந்து என் முதல் நோட்புக்கை எடுத்தேன். (லேப் நோட்புக் லேபுக்குச் சொந்தம், வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அதனால் இதுவரை எழுதியதெல்லாம் ஞாபகத்திலிருந்துதான்.) மஞ்சள் ஃபிளாஸ்க் கதையை உங்களுக்காக இன்னும் விவரமாக எழுதலாம் என்று எண்ணம்.

புதன்கிழமைப் பக்கத்தில் அப்படி ஒன்றும் இல்லை. தராசு எண்கள்தான் இருக்கின்றன. மீடியா மாற்றியது வெள்ளிக்கிழமை. மஞ்சளைப் பார்த்தது அடுத்த திங்கட்கிழமை. மறுநாளே தெரிந்தது என்று சொன்னேனே, அதுவும் பொய், இரண்டு நாள் யாருமே இன்குபேட்டரை (செல் வளர்கிற சூட்டுப் பெட்டி) திறக்கவில்லை. சரியாகப் பார்த்தால் இது முதல் வாரத்தில் நடந்ததாகவே சேராது.

இது போகட்டும். வெள்ளிக்கிழமை நான் எழுதியிருப்பது மொத்தம் இவ்வளவு: "மீடியா மாற்றினேன். செல்கள் நன்றாக உள்ளன." திங்கட்கிழமை: "மஞ்சள். கலங்கல். ப்ளீச் ஊற்றிக் கொட்டினேன்." வாட்டர் பாத் என்ற வார்த்தையே இல்லை. துடைத்தேனா இல்லையா என்று இல்லை. எந்த பாட்டில், என்றைக்குத் திறந்தது, எத்தனை மணி, எனக்கு முன்னால் ஹூட்டில் யார் இருந்தார்கள், ஒன்றும் இல்லை.

ஒரு வருடமாகப் புதிதாக வருகிற எல்லோரிடமும் வாட்டர் பாத் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பாட்டில் சொட்டச் சொட்ட ஹூட்டுக்குள் போவது என் கண்ணுக்கு இப்போதும் தெரிகிறது. அது நடந்ததால் தெரிகிறதா, சொல்லிச் சொல்லித் தெரிகிறதா?

வெள்ளிக்கிழமைப் பக்கத்து ஓரத்தில் பென்சிலில் அக்காவின் கையெழுத்து. "எந்த பாட்டில்? எத்தனை மணிக்கு?" அதற்குக் கீழே இரண்டு விரல் இடம் விட்டிருக்கிறார். நான் பதில் எழுதவே இல்லை. பார்த்த ஞாபகமும் இல்லை.

ஜூன் 2, ஞாயிறு, மதியம் 3.00

"அதுக்காகத் துடைக்கறது தப்பாயிடுமா" என்று கேட்கிறார்கள். ஆகாது. துடையுங்கள். பாட்டிலைத் துடைப்பது எப்போதும் சரி, என் ஃபிளாஸ்க் அதனால்தான் போயிற்று என்பதற்குத்தான் ஆதாரமில்லை.

திட்டினார்களா என்று ஒருவர். இல்லை. கொட்டுவதற்கு முன்னால் கூப்பிட்டிருக்கலாமே என்று மட்டும் அக்கா கேட்டார். அன்று அது எனக்குத் திட்டாகத்தான் பட்டது, அழுதேன்கூட. இப்போது யோசித்தால், அந்தக் கலங்கலில் ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்திருந்தால் பாக்டீரியா உருண்டையா குச்சியா என்று தெரிந்திருக்கும். அதே பாட்டிலிலிருந்து கொஞ்சம் மீடியாவை வெறும் ஃபிளாஸ்க்கில் ஊற்றி இன்குபேட்டரில் ஒரு ராத்திரி வைத்திருந்தால், கெட்டது பாட்டிலா நானா என்று தெரிந்திருக்கும். நான் செய்தது, யாரும் பார்க்குமுன்னே ஒழித்துக்கட்டியது. வெட்கத்தில் கை வேகமாக ஓடுகிறது.

ப்ளீச் என்றதும் ஞாபகம்: ப்ளீச் ஊற்றிய கழிவை ஆட்டோகிளேவில் (நீராவி அழுத்தத்தில் கிருமியைக் கொல்கிற பாத்திரம்) வைக்காதீர்கள், குளோரின் வாயு வரும். இதை யாராவது சொல்வார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

"எதைப் படிக்கட்டும்" என்று கேட்டதற்குப் புதன்கிழமை சொன்னதில் மாற்றமில்லை. கூடவே ஒரு பேனா, நீரில் கரையாத மையில். ட்யூப் மேல் எழுத வேறு மார்க்கர், எத்தனால் பட்டால் பல மார்க்கர்கள் அழிந்துவிடும். மூடியின் மேல் மட்டும் எழுதாதீர்கள், மூடி இடம் மாறும்.

ஜூன் 3, திங்கள், இரவு 10.10

முதல் நாளே தராசு முன்னால் உட்கார வைத்துவிட்டார்களா! என்னைவிட அதிர்ஷ்டம், தம்பி. நாற்பது பாட்டில் நாளைக்கு வரும்.

நீங்கள் போட்ட பக்கத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 1,000 மைக்ரோலிட்டர் பிப்பெட்டில் 500 வைத்து 498, 497, 499, 498, எல்லாம் அருமை. எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏழாவது எண்ணின் மேல் பேனாவால் கிறுக்கிக் கறுப்பாக்கி, பக்கத்தில் "தவறு" என்று எழுதியிருக்கிறீர்கள். ஒற்றைக் கோடு மட்டும் போட்டு, அடியில் இருப்பது தெரிகிற மாதிரி விட வேண்டும். பிறகு பதினொன்றாவதாக ஒன்று ஊற்றிப் பத்தாக்கியிருக்கிறீர்கள், அதுவும் தெரிகிறது.

டிப் சரியாகச் செருகாமல் காற்று போயிருக்கலாம், நடுவில் குமிழி ஏறியிருக்கலாம், கிண்ணத்தைத் தராசில் திரும்ப வைக்கும்போது சிந்தியிருக்கலாம். தூரத்திலிருந்து நான் எதையும் சொல்ல முடியாது. அந்த ஏழாவது எண் என்ன? டிப் மாற்றியது அதற்கு முன்னாலா பின்னாலா? எத்தனை மணிக்கு?